மீட்கப்பட்டவர்கள் முதலில்

மார்ச் 4

சில்வண்டுக்கு,

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. உன் அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் நிரம்பாமல் நான் எழுந்திருக்க முடியாது. எட்டு மாதமாகப் பேசாத தங்கைக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். "நலமான்னு ஆரம்பிங்க, அப்புறம் தானா வரும்" என்றாள். நலமா? அடுத்த வரி தானாக வரவில்லை.

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் எங்கோ ஓர் ஊரில் லிஃப்ட் அறுந்து விழுந்ததாக நீ வேலை பார்க்கும் டிவியில் கீழே சிவப்புப் பட்டையில் நாள் முழுக்க ஓடியது. மறுநாள் எனக்குப் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் மாதாந்திரப் பராமரிப்பு. மூன்று லிஃப்ட். கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஒரு குறையும் இல்லாததுதான் எனக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. அந்த ஊர் லிஃப்டிலும் முதல் நாள் குறை இருந்திருக்காது அல்லவா? மூன்றையும் நிறுத்தி, 'பழுது' என்று பலகை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி பாதி தூரம் படியேறி, ஆறாம் மாடியில் யாரோ போட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து என் மேலதிகாரிக்குப் போன் செய்திருக்கிறார்.

மேலதிகாரி என் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அது என்னைப் பிடித்து ஆட்டியது. இருபத்திரண்டு வருட மெக்கானிக்கை இரண்டு மாதம் வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார். ஏப்ரல் 30 அன்று மறுபடி சோதனை. கை நின்றால் லிஃப்ட். நிற்காவிட்டால் ஆபீசில் உட்கார்ந்து புகார் போன் எடுக்க வேண்டும், ஓய்வு பெறும் வரைக்கும். மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் "ஆள் வந்துட்டே இருக்காரு" என்று சொல்லும் வேலை. இத்தனை நாள் அந்த ஆள் நான்தான்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செய்தி பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். மறுபடி ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்த்தார். டிவி கூடாதாம், செய்தி பார்க்கும் பெரிய போன் கூடாதாம், தினமும் கையால் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். ரிமோட் தையல் மிஷின் டிராயருக்குள் பூட்டிக் கிடக்கிறது.

பக்கம் நிரம்பிவிட்டது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆற்றுப் பாலத்தில் விரிசல் என்று ஓட்டினாயே, அது என்ன ஆயிற்று? அந்த ஒன்று மட்டும் சொல்.

அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்து முதலில் யாரோ ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. கொஞ்ச நேரம் உறையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

பாலத்தைப் பற்றிச் சொல்ல மாட்டேன். நீ கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன். போனும் செய்ய மாட்டேன். நம் போன் பேச்சின் லட்சணம் உனக்கே தெரியும். முதல் நிமிடம் நலம், இரண்டாவது நிமிடம் சாப்பாடு, மூன்றாவது நிமிடம் "அந்தத் தீ விபத்து நிஜமா?", நான்காவது நிமிடம் சண்டை.

கடைசிச் சண்டையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஜூலையில் உன் வீட்டில் நான்கு நாள் இருந்தேன். நான்கு நாளும் டிவி அணையவில்லை. கிளம்பும் நாள் காலையில் எங்கோ ரயில் தடம் புரண்டது என்று ஓடியது. அதை எழுதியது என் இடத்தில் அன்று உட்கார்ந்திருந்த ஆள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நீ என்ன செய்தாய்? என் இடது கால் ஷூவை ஒளித்துவைத்தாய்! முப்பத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி, அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டியவள், கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு ஷூ தேடினேன். ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் அண்ணியின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன். அது இரண்டு அளவு பெரிது. நடந்தால் நான் ஒரு பக்கம் போக, செருப்பு ஒரு பக்கம் போனது.

அந்த ஒற்றை வலது ஷூவை இன்னும் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதே.

இப்போது என் நிபந்தனை. செய்தி எழுதுவது என் வேலை. எட்டு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து, உலகத்தில் எது இடிந்தாலும் அதைப் பத்து வார்த்தையில் சுருக்கி அந்தப் பட்டைக்குள் அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் சிவப்பு நிறமே ஆவதில்லை. சாப்பாட்டு மேஜை விரிப்பைக்கூட நீலமாக மாற்றிவிட்டேன். எனக்கும் ஒரு மனிதனிடமிருந்து வேறு மாதிரிச் செய்தி வேண்டும். அதனால் இனி நீதான் செய்தியாளர். உன் கட்டடத்துக்குள் நடந்தது, நீயே கண்ணால் பார்த்தது. டிவியில் பார்த்தது செல்லாது. யாரோ சொன்னது செல்லாது. ஒவ்வொரு கடிதத்திலும் ஐந்து செய்தி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்புவேன்.

அண்ணியிடம் சொல், செருப்பு பத்திரமாக இருக்கிறது.

சில்வண்டு


மார்ச் 17

சில்வண்டுக்கு,

ஷூவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

நம் கட்டடத்தில் செய்தி என்று ஒன்றும் கிடையாது. ஐந்து மாடி, ஒரு கிழட்டு லிஃப்ட், கம்பிக் கதவு. இதில் எங்கே போய் ஐந்து செய்தி எடுப்பது? உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு நாள் கீழே சலூனுக்குப் போனேன். அங்கே சுவரில் டிவி உண்டு. முடி வெட்டுகிற சாக்கில் பாலத்தைப் பற்றிப் பார்த்துவிடலாம் என்று திட்டம். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் சலூன்காரர் பொம்மைப் படச் சானலுக்கு மாற்றிவிட்டார். "உங்க வீட்டம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்றார். மறுநாளும் போனேன். மறுநாளும் முயல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் இரண்டு தடவை வெட்டி, தலை இப்போது துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. இதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்.

முதல் மாடிப் பல் டாக்டருக்குப் பல் வலி. மூன்று நாளாக ஒரு பக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எல்லோருக்கும் பல் பார்க்கிறார். வேறு டாக்டரிடம் போகப் பயமாம். அவரே சொன்னார், அதனால் இது நேரில் கேட்டது.

நான்காம் மாடிக்காரர் டிரம்பெட் கற்றுக்கொள்கிறார். ஒரே ஒரு பாட்டு, அதிலும் முதல் பாதி. இந்த வாரம் இரண்டாம் பாதியின் முதல் சுரத்துக்குப் போய்விட்டார். படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் எங்களை மறந்து கைதட்டினோம். அவர் பயந்து நிறுத்திவிட்டார்.

இரண்டாம் மாடித் தையற்காரம்மா வீட்டுப் பூனை, துணி வெட்டிய மிச்சம் போடும் கூடைக்குள் மூன்று குட்டி போட்டிருக்கிறது. தாயும் குட்டிகளும் நலம். ஒரு கருப்பு, ஒரு வெள்ளை, ஒன்று எந்த நிறமாவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இதோடு நான்குதான். ஐந்தாவது: நேற்று ஒரு மணி நேரம், கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன், பாலம் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்தவுடன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என்னவோ அடுப்பை அணைக்காமல் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

கை இன்னும் ஆடுகிறது. ஏப்ரல் 30 வருகிறது.

அண்ணன்


மார்ச் 23

அண்ணா,

என்னை மாட்டிவிட்டுவிட்டாய். இந்தக் கடிதத்தை நான் வேலையில் இருக்கிறேனா இல்லையா என்பது தெரியாமல் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். கையெழுத்துப் பல இடத்தில் புரியவில்லை. மேக்கப் போடும் அக்காவிடம் காட்டினேன். "இது எழுத்தா, நிலநடுக்க அளவா?" என்றார். சரி, புரிந்த மட்டும் தட்டச்சு செய்து பார்த்தால் மிச்சம் புரியும் என்று, கணினியில் கண்ணெதிரே திறந்திருந்த, பட்டைக்கு வரி எழுதும் பெட்டியில் தட்டினேன். அந்த மேஜையில் எனக்கு இருப்பது ஒரே ஒரு பெட்டி. பத்து வருடப் பழக்கம், வரி முடிந்ததும் விரல் தானாகவே அனுப்பு பொத்தானுக்குப் போய்விட்டது.

பத்தொன்பது நிமிடம் ஓடியது அண்ணா. எதற்குப் பக்கத்தில் என்று நினைக்கிறாய்? 'வெள்ளம்: இருநூறு பேர் மீட்பு, மூவரைக் காணவில்லை.' அதற்கு அடுத்து 'இரண்டாம் மாடியில் பூனைக்கு மூன்று குட்டிகள், தாயும் குட்டிகளும் நலம்.' அதற்கு அடுத்து 'எரிபொருள் தட்டுப்பாடு, நீண்ட வரிசை.' மறுபடி பூனை. எனக்குத் தெரியவே தெரியாது. தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் தொலைபேசி எடுக்கும் பெண் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். முந்நூறு அழைப்பு. ஒருவர்கூடத் திட்டவில்லையாம். எந்த ஊர், எந்த இரண்டாம் மாடி, குட்டிகளுக்கு என்ன நிறம், ஒன்றை வளர்க்கக் கொடுப்பார்களா என்றுதான் கேள்வி. ஒரு பெரியவர் மட்டும் மூன்று தடவை கேட்டாராம், "நிஜமாவே நல்லா இருக்கா? அப்புறம் ஒண்ணும் சொல்ல மாட்டீங்களே?" என்று.

செய்தி ஆசிரியர் சிரிக்கவில்லை. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கையில் கொடுத்தார். பதில் எழுத ஒரு வாரம். என்ன எழுதுவது? 'என் அண்ணனுக்குக் கை நடுங்குகிறது' என்றா?

வேலை போனால் போகட்டும் என்று வாயால் சொல்லிப் பார்த்தேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று, அந்தப் பத்தொன்பது நிமிடத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

சில்வண்டு


மார்ச் 28

சில்வண்டு,

பார்க்கவில்லை! எட்டு மாதம் உன் பட்டையை ஒரு வரி விடாமல் பார்த்தவன், அந்த ஒரு நாள் பார்க்கவில்லை. சலூன்காரர் ஓடி வந்து சொன்னார். அவர் கடையில் பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர் கூடவே வந்து சாட்சி சொன்னார். தையற்காரம்மா, பல் டாக்டர் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கட்டடத்தில் பார்க்காதது நானும் பூனையும்தான். உன் அண்ணியிடம் கோபித்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிடவில்லை. அவளும் பார்க்கவில்லையாம். "எனக்கு மட்டும் என்ன, நானும்தானே பூட்டி வச்சிருக்கேன்" என்று அவளும் சாப்பிடவில்லை. பிறகு இரண்டு பேருக்கும் பசித்தது.

எழுத வேண்டாம் என்று நினைத்த ஒன்றை எழுதிவிடுகிறேன். எனக்குச் செய்தி எதற்கு? உலகம் எப்படிப் போனால் எனக்கென்ன? நீ அன்று அண்ணியின் செருப்போடு போனாயே, அதற்குப் பிறகு நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டிவியைப் போட்டால் நீ இருக்கிறாய். நீ வேலைக்கு வந்துவிட்டாயா, ஷிஃப்ட் மாறியதா என்று பட்டையைப் பார்த்தே எனக்குத் தெரியும். மற்றவர்கள் எல்லாம் இறந்தவர்களை முதலில் எழுதுகிறார்கள். நீ மட்டும் மீட்கப்பட்டவர்களை முதலில் எழுதுவாய். 'நாற்பது பேர் மீட்பு' என்று ஆரம்பித்தால் சில்வண்டு உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம். சின்ன வயதில் நீ படியில் உருண்ட அன்று, ரத்தம் ஒழுக ஓடி வந்து அம்மாவிடம் "பல்லெல்லாம் இருக்கு, முட்டிதான் போச்சு" என்று சொன்னவள் நீ. உன் கையை எனக்குத் தெரியாதா?

டிசம்பரில் மூன்று நாள் எல்லா வரியும் இறந்தவர்களில் ஆரம்பித்தது. அண்ணியை விட்டு உனக்குப் போன் செய்யச் சொன்னேன். உனக்குக் காய்ச்சல் என்றாள். அந்த மூன்று நாளும் நான் வேலை செய்த லட்சணத்தை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

போனைக் கருவிப் பையில் வைத்துக்கொண்டு லிஃப்ட் கூரை மேல் உட்கார்ந்துகூடப் பார்த்திருக்கிறேன். உன் ஒரு வரிக்காகப் பத்து வரி சாவு படிக்க வேண்டியிருந்தது. படித்தேன்.

வேலையைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுத வந்தேன். எனக்கே கவலையாக இருக்கிறது, எப்படி எழுதுவது?

அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகக் கழிவறையில் போய் நன்றாக அழுதேன். மேக்கப் அக்கா முகத்தைச் சரிசெய்து அனுப்பினார். பட்டை எழுதுகிறவளின் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். "நான் பார்க்கணுமே" என்றார்.

மீட்கப்பட்டவர்களை முதலில் எழுதுகிறேன் என்பது எனக்கே தெரியாது. செய்தி ஆசிரியர் இரண்டு தடவை "ஏம்மா தலைகீழா எழுதறே?" என்று கேட்டிருக்கிறார். என் காதில் ஏறவே இல்லை. அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாக எழுதியிருப்பேன்.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உன்னை வீட்டில் உட்காரவைத்த அந்த லிஃப்ட் செய்தியை எழுதியது நான்தான். நாள் முழுக்க ஓடியது. மறுநாள்தான் தெரிந்தது, அது ஆள் போகும் லிஃப்ட்டே இல்லை. கட்டட வேலைக்குச் செங்கல் ஏற்றும் கூண்டு. திருத்தம் போட்டோம். இரண்டே இரண்டு தடவை ஓடியது. நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய், 'பழுது' பலகை மாட்டிக்கொண்டிருந்திருப்பாய். பாலத்தை ஒன்பதாம் நாளே சரிசெய்துவிட்டார்கள். அந்தச் செய்தி ஒரு தடவைகூட ஓடவில்லை. என் நிபந்தனையை நானே மீறிச் சொல்கிறேன். பயமுறுத்தியதை அத்தனை தடவை சொல்லிவிட்டு, சரியாகிவிட்டது என்று உன்னிடம் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் நான் என்ன தங்கை?

இனி நீ என்னைப் பட்டையில் தேட வேண்டாம். ஒவ்வொரு ஞாயிறும் ஓர் அட்டை போடுகிறேன். 'வந்தேன், எழுதினேன், தூங்கினேன்' என்று. அது போதும் அல்லவா?

வேலை போகவில்லை. விளக்கக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிரச்சினை என்னவென்றால் அழைப்புகள் இன்னும் நிற்கவில்லை. குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று தினமும் நாற்பது பேர். "இதை நீயே முடிச்சுவை" என்றார். ஒரே ஒரு வரி போடலாம், ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்தோடு தகவல் வர வேண்டும். விதி விதிதானாம், பூனைக்கும்.

செய்தியாளரே, வேலையைப் பாருங்கள்.

அது இருக்கட்டும், என் இடது ஷூ எங்கே?

சில்வண்டு


ஏப்ரல் 13

சில்வண்டு,

ஷூவைப் பற்றிய கேள்வியைச் செய்தி ஆசிரியர் வெட்டிவிட்டதாக நினைத்துக்கொள்.

செங்கல் கூண்டு! நானே யோசித்திருக்க வேண்டும். ஆள் போகும் லிஃப்டில் நான்கு கயிறு, தனியாக வேகக் கட்டுப்பாடு, அதற்கு மேல் பிடிப்பான். அவ்வளவு சுலபமாக விழாது. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்குச் சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

உன் சாட்சி விஷயம். நோட்டுப் புத்தகத்தோடு மாடி மாடியாகப் போனேன். தையற்காரம்மா உடனே கையெழுத்துப் போட்டார். பல் டாக்டர் மட்டும் குட்டிகளின் வாயைத் திறந்து பார்த்த பிறகே போடுவேன் என்றார். கருப்பையும் வெள்ளையையும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். மூன்றாவதைக் காணவில்லை.

கூடை, திரைச்சீலை, தையல் மிஷின் கால் மிதிக்கும் இடம் எல்லாம் தேடினோம். அப்புறம்தான் கீழே இருந்து சத்தம் வந்தது. படி படியாக உருண்டு இறங்கி, லிஃப்ட் மேலே நிற்கும்போது தரைத்தளத்துக் கம்பிக் கதவு இடுக்கில் நுழைந்து கீழே குழிக்குள் விழுந்திருக்கிறது. குழி என்றால் ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அடியில் எண்ணெய், இருட்டு. கம்பெனிக்குப் போன் செய்தால் ஆள் வர மூன்று மணி நேரமாம். போன் எடுத்தவர் சொன்னார், "ஆள் வந்துட்டே இருக்காரு." நான் வைத்துவிட்டேன்.

ஐந்தாம் மாடிக்கு மேலே மெஷின் அறைக்குப் படியேறினேன். மெயினை அணைத்தேன். யாரும் போட்டுவிடாதபடி என் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்தேன். இறங்கி வந்தேன். இரண்டு டார்ச், டிரம்பெட்காரர் ஒன்றைப் பிடித்தார், அதிசயமாக வாயை மூடிக்கொண்டு. கதவுப் பூட்டைத் திறந்து குழிக்குள் இறங்கினேன். குட்டி, லிஃப்டைத் தாங்கக் குழியடியில் வைத்திருக்கும் ஸ்பிரிங்குக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கையை விட்டேன். மெதுவாக, பிரேக் தகட்டுக்கு இடைவெளி வைக்கிற மாதிரி. அது என் கட்டை விரலைக் கடித்துக்கொண்டே வெளியே வந்தது. பல் டாக்டர் மேலே இருந்து, "பல் நல்லா வந்திருக்கு!" என்றார்.

மேலே ஏறி வந்த பிறகுதான் உன் அண்ணி சொன்னாள். குழி ஓரத்தில் முட்டி போட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "கை ஆடவே இல்லைங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல்தான் ஆடியது. பிறகு, லீவில் இருக்கிறவன் குழிக்குள் இறங்கலாமா என்று ஐந்து மாடிக்கும் கேட்கிற மாதிரித் திட்டினாள்.

அந்தக் குட்டிக்கு 'பிரேக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அது ஒன்றுதான் அதற்கு இல்லையாம். தகவல் இதோ, உன் வரிசையிலேயே எழுதுகிறேன். மூன்று குட்டிகளும் பத்திரம், ஒருவருக்குக் கட்டை விரலில் கடி. சாட்சிகள் இரண்டு கேட்டாய், பதினொன்று இணைத்திருக்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

ஓட்டிவிட்டேன். பதினெட்டாம் தேதி மாலை, ஐந்தரை முதல் ஆறு வரை. கடி பட்டவர் எப்படி இருக்கிறார் என்று இப்போது அழைப்பு வருகிறது. தொலைபேசிப் பெண் என்னோடு பேசுவதில்லை.

உன் கடிதத்தை மேக்கப் அக்காவிடம் காட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் முதல் வரியிலிருந்து கடைசி வரை கடகடவென்று வாசித்துவிட்டார். கவனித்தாயா? நான் கவனித்தேன். பழைய கடிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முப்பதாம் தேதியை நினைத்தால் எனக்குத்தான் கை நடுங்குகிறது. தேறிவிடுவாய் என்று எழுத ஆசை. ஆனால் உறுதி செய்யாத செய்தியை எழுதக் கூடாது என்பதை இந்த மாதம்தான் கற்றுக்கொண்டேன். அதனால் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். அன்று ஸ்பிரிங்குக்குப் பின்னால் போன கை உன்னுடையதுதான். புகார் போன் எடுக்கும் வேலை வந்தாலும் நீ எனக்கு அண்ணன்தான், ஆனால் நீ சிடுசிடுப்பாய், அண்ணி பாவம்.

இந்த வாரத்து அட்டை தனியாக வேண்டாம், இதிலேயே எழுதிவிடுகிறேன். வந்தேன், எழுதினேன், தூங்கினேன். நான்கு நாளாக வேலை முடிந்து வீடு வரை நடந்தே வருகிறேன், போனைப் பைக்குள் போட்டுவிட்டு. வழியில் ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது. பத்து வருடமாக இருக்கிறதாம். எனக்குத் தெரியாது.

சில்வண்டு


மே 3, ரயிலில்

சில்வண்டு,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டவில்லை. ஏன் என்று முடிவில் தெரியும்.

முப்பதாம் தேதி மேலதிகாரி என்னை லிஃப்ட் கூரை மேல் ஏற்றி, பிரேக்கைக் கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார். கையையே பார்த்துக்கொண்டு நின்றார். தகட்டை நுழைக்கிற நேரத்தில் குழியும் அந்தக் குட்டியும் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மாட்டினேன். முதல் தடவையிலேயே இடைவெளி சரியாக நின்றது. அவர் என் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அண்ணி போய்த் தையல் மிஷின் டிராயரைத் திறந்து ரிமோட்டை என் கையில் கொடுத்தாள். சாயங்காலம் பதினைந்து நிமிடம் பார்த்தேன். போதும் என்று நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் அதை வாங்கி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நேற்று முதல் அழைப்பு. அதே பதினான்கு மாடி. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஆறு பேர், அதில் ஒருவர் நம் நீதிபதி. குரலைக் கேட்டதும் என்னைக் கண்டுகொண்டார். "நீயா? பலகை கொண்டு வந்திருக்கியா?" என்றார். "இல்லைங்க, ஆளா வந்திருக்கேன்" என்றேன். கதவுத் தொடர்பில் தூசி, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் எல்லோரும் வெளியே. ஆபீஸ் பதிவேட்டில் எழுதினேன். 'ஆறு பேர் மீட்பு. ஒரு குடை வளைந்தது.' மேலதிகாரி படித்துவிட்டு, "எப்பவும் பழுதைத்தானே முதல்ல எழுதுவோம்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் இப்படித்தான் எழுதுவோம் என்றேன்.

இன்று காலை ரயில் ஏறினேன். ஆமாம், ரயில். பயம் போய்விட்டதா என்று கேட்காதே. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலோர இடத்தை மட்டும் அதற்குக் கொடுக்கவில்லை. எதிரில் இருப்பவர் போனில் ஏதோ படித்துவிட்டு, "பார்த்தீங்களா சார், என்ன அநியாயம்" என்று நீட்டினார். அவருக்குப் பூனைக் கதையைச் சொன்னேன். இரண்டு நிலையம் கழிந்தது. இறங்கும்போது, "அந்த மூணாவது குட்டி என்ன நிறம்னு சொல்லவே இல்லையே" என்றார். சாம்பல் என்றேன். நிம்மதியாக இறங்கிப் போனார்.

உன் ஷூ என் கருவிப் பையில் இருந்தது. உன்னை அந்த ஒரு ரயிலுக்கு மட்டும் விடாமல் வைத்தால் போதும் என்று நினைத்துத்தான் அதில் போட்டேன். அப்புறம் எடுத்துக் கொடுக்க வெட்கம். வேலைக்குப் போன எட்டு மாதமும் எல்லா மெஷின் அறைக்கும் என்னோடு ஏறி இறங்கியிருக்கிறது. கொஞ்சம் எண்ணெய்க் கறை. உன் அண்ணி மூன்று தடவை துடைத்துவிட்டாள், போகவில்லை. அவள் செருப்பை மறக்காமல் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள்.

இன்னும் இரண்டு நிலையம்தான். உன் வீட்டுக் கதவைத் தட்டி, நீ திறந்ததும் இந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். நேரில் பேச எனக்கு எப்போதும் வராது, அதனால் கடைசி வரியை இப்போதே எழுதிவைத்துக்கொள்கிறேன். சாட்சிக்கு நீயே கையெழுத்துப் போடு.

ஓர் அண்ணன் பத்திரமாக வந்து சேர்ந்தான். ஒரு ஷூ மீட்பு.